பெயரின் கடைசி எழுத்து: மென்பொருள் நிரலகங்களில் நிலைப்பதிப்பும் வளர்ச்சிப்பதிப்பும் மோதிய வரலாறு

டெபியன் இயங்குதளமோ, அதை அடியாகக் கொண்ட உபுண்டுவோ நிறுவப்பட்ட எந்தக் கணினியிலும் 'ஸீலிப்1ஜி' என்றொரு பொதி இருக்கும். தரவைச் சுருக்கி வைப்பதற்கான சிறிய நிரலகம் அது. ஸீலிப் என்பது நிரலகத்தின் பெயர். 1 என்பது அதன் இடைமுக எண். கடைசியில் நிற்கும் 'ஜி' என்னும் எழுத்துக்கு இன்று எந்தப் பயனும் இல்லை. 1997, 1998 ஆண்டுகளில் ஒரு நெருக்கடியைக் கடப்பதற்காக ஒட்டப்பட்ட எழுத்து அது. நெருக்கடி தீர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது; எழுத்து உதிரவில்லை. திருப்பணியின்போது இடம் மாற்றி வைக்கப்பட்ட கல்வெட்டுத் துண்டு, தொடர்பில்லாத ஒரு சுவரில் தலைகீழாக நின்று பழைய கொடையைச் சொல்லிக்கொண்டிருப்பதைப் போல அது நிற்கிறது.

கணினியியலின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. யார் முதலில் செய்தார், எப்போது செய்தார் என்பவையே அதன் கேள்விகள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தாமல் மாற்றுவது எப்படி, மாற்றும் காலத்தில் அதை நம்பியிருப்போரை விழாமல் காப்பது யார் என்ற கேள்விகளுக்கு அந்த வரலாற்றில் இடம் குறைவு. 'ஜி' போன்ற பின்னொட்டுகள் அக்கேள்விகளுக்கான சான்றுகள். அவற்றைக் கால வரிசையில் வைத்துப் படித்தால், நிலைப்பதிப்புக்கும் வளர்ச்சிப்பதிப்புக்கும் இடையிலான மோதல் எங்கே தோன்றுகிறது, அதன் செலவை யார் சுமந்தார்கள் என்பது புலப்படும்.

நிரலகம் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுதி. கோப்பைத் திறத்தல், எழுத்தைத் திரையில் இடுதல், நேரத்தைக் கேட்டறிதல் போன்ற வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே எழுதிக்கொள்வதில்லை. நிரலகத்திடம் கேட்டுப் பெறுகிறது. நினைவகம் சில மெகாபைட் அளவே இருந்த 1990-களின் தொடக்கத்தில், ஒரு நிரலகத்தின் ஒரே படியை எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்வது சிக்கனத்துக்கு உகந்த வழியாக இருந்தது. பகிர்வில்தான் வில்லங்கமும் இருந்தது. ஊருக்கு ஒரே கிணறு என்றால், தூர்வாருகிற நாளில் ஊரே தண்ணீருக்குத் திண்டாடும். நிரலகத்தை எழுதுவோர் அதைத் தொடர்ந்து திருத்தியாக வேண்டும். அதை நம்பி நிற்கும் நிரல்கள் அந்தத் திருத்தத்தால் விழாமலும் இருக்க வேண்டும். இரு தேவைகளுக்கும் இடம் கொடுக்கவே, திருத்தத்துக்குக் கதவு பெரும்பாலும் மூடிய நிலைப்பதிப்பு என்றும், கதவு திறந்த வளர்ச்சிப்பதிப்பு என்றும் இரண்டை வைத்துக்கொள்ளும் வழக்கம் உருவாயிற்று.

'நிலையான' என்பதற்குக் 'குறையற்ற' என்று பொருள்கொள்வோர் பலர். அது பிழையான வாசிப்பு. வளர்ச்சிப்பதிப்பில் எப்போதோ திருத்தப்பட்ட வழு, நிலைப்பதிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் உண்டு. நேற்று ஒரு பெயரைச் சொல்லி அழைத்தபோது எது கிடைத்ததோ அதுவே நாளையும் கிடைக்கும் என்பதே நிலைப்பதிப்பு தரும் உறுதி. அந்த உறுதியைக் காப்பதற்காகப் பகிர்நிரலகம் ஒவ்வொன்றும் தன் கோப்புக்குள் ஒரு பெயரையும் எண்ணையும் தாங்கியிருக்கும். பழைய நிரல்கள் இயங்க முடியாத அளவுக்கு இடைமுகம் முறியும்போது மட்டும் அந்த எண் உயரும். எண் வேறானால் இரண்டு படிகளும் ஒரே கணினியில் அருகருகே வாழலாம். பழைய நிரல் பழையதைத் தேடிப் போகும், புதிய நிரல் புதியதைத் தேடிப் போகும். கோட்பாட்டளவில் மோதலுக்கே இடமில்லை. நடைமுறை அப்படி அமையவில்லை.

லினக்ஸின் அடிப்படையான சி நிரலகத்தின் கதையிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும். குனு திட்டத்துக்காக ரோலண்ட் மெக்ராத் 1980-களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய ஜிலிப்சி என்னும் சி நிரலகம் முன்பே இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் லினக்ஸ் உருவாக்குநர்கள் அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்துக்கொண்டார்கள். 'லினக்ஸ் லிப்சி' எனப்பட்ட அந்தக் கிளையை முதலில் பொறுப்பேற்று நடத்தியவர் எச்.ஜே.லூ. தங்களுக்கு வேண்டியதைத் தங்கள் வேகத்தில் செய்துகொள்ளும் வசதி அதில் இருந்தது. கிளை தனியே வளர்ந்து நான்காம், ஐந்தாம் பதிப்புகளைக் கண்டது. நான்காம் பதிப்பின் காலத்துக் கோப்பு வடிவத்தில் பகிர்நிரலகம் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஒரு நிலையான முகவரியை முன்கூட்டியே ஒதுக்கி, அதைப் பொதுப் பட்டியலில் பதிந்துவைக்க வேண்டியிருந்தது; பத்திரப் பதிவு அலுவலகம் போன்ற ஏற்பாடு. ஐந்தாம் பதிப்பின் காலத்தில் எல்ஃப் வடிவம் வந்து அந்தத் தொல்லை ஒழிந்தது.

பிரிந்த கிளை மீண்டும் தாய்மரத்தோடு இணைந்திருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். இணைய முடியவில்லை. லினக்ஸ் லிப்சியில் சேர்ந்த திருத்தங்களை எழுதியவர் யார், உரிமை யாருடையது என்பதற்கான பதிவுகள் தெளிவாக இல்லை. காப்புரிமைப் பதிவில் கண்டிப்பான குனு திட்டம் அவற்றை ஏற்க வழியில்லாமல் போயிற்று. தொழில்நுட்ப மோதல் என்று எண்ணப்படும் பலவற்றின் அடியில் இப்படியொரு ஆவணக் குறைபாடு கிடப்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1997 ஜனவரியில் ஜிலிப்சி 2.0 வெளியானது. பொதுத் தரங்களோடு கூடுதல் பொருத்தம், பன்மொழி வசதி, பல இழைகளில் இயங்கும் நிரல்களுக்கான ஆதரவு ஆகியவற்றில் அது லினக்ஸ் லிப்சியை மிஞ்சி நின்றது. கிளையை நடத்தியோரும் தாய்மரத்துக்கே திரும்புவது என முடிவு செய்தனர். லினக்ஸில் முன்னது 5 என்னும் எண்ணைத் தாங்கியிருந்ததால் வந்ததற்கு 6 என்ற எண் இடப்பட்டது. ஜிலிப்சி தன்னை 2 என்று சொல்லிக்கொண்டாலும் லினக்ஸில் அதன் கோப்பு 6 என்று பெயர் தாங்குவதற்குக் காரணம் இதுவே.

எண் வேறாகிவிட்டதே, இனி என்ன சிக்கல் என்று தோன்றலாம். சிக்கல் அதற்கு மேல்தளத்தில் இருந்தது. ஸீலிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் சொந்த இடைமுகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆகவே அதன் எண் 1-லிருந்து உயர வேண்டிய காரணமே இல்லை. ஆனால் லிப்சி 5-ஐ நம்பிக் கட்டப்பட்ட ஸீலிப் 1 வேறு, லிப்சி 6-ஐ நம்பிக் கட்டப்பட்ட ஸீலிப் 1 வேறு. பெயர் ஒன்று, எண் ஒன்று, பொருள் இரண்டு. புதிய சி நிரலகத்தில் கட்டப்பட்ட நிரலொன்று, கையில் கிடைத்த பழைய ஸீலிப்பை ஏற்றிக்கொண்டால், ஒரே நிரலுக்குள் இரண்டு சி நிரலகங்கள் நுழைந்துவிடும். நினைவகத்தை ஒதுக்குவது ஒன்று, விடுவிப்பது மற்றொன்று. நிரல் அந்த இடத்திலேயே முறிந்து விழும். அடியில் நடந்த மாற்றம் மேலே உள்ள பெயரில் தெரியவில்லை. தெரியச் செய்ய வேண்டிய பொறுப்பு, நிரலகத்தை எழுதியவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவில் நிற்கும் வழங்கல்களின் தலையில் விழுந்தது.

ரெட் ஹேட் நிறுவனம் 1997 டிசம்பரில் தன் 5.0 பதிப்பை முழுவதும் புதிய நிரலகத்தின் மீது கட்டி வெளியிட்டது. துணிச்சலான முடிவு. பழைய நிரல்கள் ஓடுவதற்கான இணக்க ஏற்பாட்டை உடன் வைத்தபோதும், பயனர்கள் பட்ட தொல்லை சிறிதன்று. தன்னார்வலர்களால் நடத்தப்படும் டெபியன் வேறு வழியில் போயிற்று. புதிய நிரலகத்தின் மீது மறுபடி கட்டிய ஒவ்வொரு நிரலகப் பொதிக்கும் பெயரின் இறுதியில் 'ஜி' என்று ஒட்டியது. ஜிலிப்சி என்பதன் முதலெழுத்து. பழைய நிரலகங்கள் தனி அடைவுக்கு நகர்த்தப்பட்டன. பழைய சூழலுக்காக நிரல் கட்ட விரும்புவோருக்கு மாற்று வளர்ச்சிப் பொதிகளும் தரப்பட்டன. ஒரே கணினியில் ஐந்தும் ஆறும் ஒன்றையொன்று தீண்டாமல் குடியிருக்கலாம். வேண்டியவர் வேண்டியபோது வீடு மாறலாம்.

சொல்வதற்கு எளிது. பொதியை நிறுவும் கருவியும், அது நம்பியிருக்கும் கட்டளைச் செயலியும் இந்த மாற்றத்துக்கு உட்பட்டவையே. வரிசை தவறினால் நிறுவும் கருவியே நடுவழியில் செயலிழக்கும். மரக்கிளையில் உட்கார்ந்து அதையே வெட்டுகிற நிலை. சரியான வரிசையில் பொதிகளை ஏற்றுவதற்கென்றே தனியொரு நிரல்வரைவு எழுதிப் பகிரப்பட்டது. 1997 ஜூனில் வெளியான டெபியன் 1.3 பழைய நிரலகத்தில் நின்றது. புதியதில் நின்ற 2.0 வெளியாக 1998 ஜூலை 24 ஆயிற்று. நானூறுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொதிகளைப் பராமரித்த வெளியீடு அது. அந்த ஓராண்டுக்கு மேலான உழைப்பில் பயனர் கண்ணுக்குப் புதிதாகத் தெரியக்கூடியது மிகக் குறைவு. நேற்று ஓடியது இன்றும் ஓடுகிறது என்பதே அதன் விளைவு. இத்தகைய உழைப்புக்கு வரலாற்றில் பெயர் கிடைப்பது அரிது. பொதியின் பெயரில் ஓர் எழுத்து கிடைத்தது.

இதே காலத்தில் எண்களைக் கொண்டே மோதலை அடக்கலாம் என்ற நம்பிக்கையும் நிலவியது. லினக்ஸ் கர்னலில் இரண்டாம் எண் இரட்டைப்படை என்றால் நிலைப்பதிப்பு, ஒற்றைப்படை என்றால் வளர்ச்சிப்பதிப்பு. 2.0, 2.2, 2.4 ஆகியவை நிலையானவை, 2.1, 2.3, 2.5 ஆகியவை சோதனைக் களங்கள். கர்னல் நிரலகம் அன்று என்றாலும், அதன் எண்முறையை நிரலகங்களும் கடன் வாங்கின. வரைகலை இடைமுகத்துக்கான ஜிடிகே அவற்றுள் ஒன்று. பார்வைக்கு அழகான விதி. ஆனால் 2.4 வெளியான 2001 ஜனவரிக்கும் 2.6 வெளியான 2003 டிசம்பருக்கும் இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஓடின. பயனர்களால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலவில்லை. வழங்கல் நிறுவனங்கள் 2.5-இல் விளைந்தவற்றைப் பறித்துவந்து 2.4-இல் ஒட்டத் தொடங்கின. 2.4 என்ற ஒரே பெயரில் கடைக்குக் கடை வேறு சரக்கு விற்கப்பட்டது. எதைத் தவிர்க்க எண்முறை வந்ததோ அதையே அது பெற்றெடுத்தது. 2004-இல் ஆட்டவாவில் கூடிய கர்னல் உருவாக்குநர்கள் 2.7 என்னும் ஒற்றைப்படைக் கிளையைத் திறக்காமலே விட்டார்கள். மறு ஆண்டில், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பின்னே திருத்தங்களை மட்டும் சுமந்து வரும் சிறு நிலைக்கிளை தொடங்கப்பட்டது. இடைவெளி நீளமாக இருந்ததே நோய் என்பதை அவர்கள் சரியாகவே கண்டறிந்தார்கள்.

எண் பொய் சொன்ன வழக்கு ஒன்றும் உண்டு. 2000 செப்டம்பரில் ரெட் ஹேட் 7 வெளியானபோது அதனுடன் வந்த தொகுப்பி, தன்னை ஜிசிசி 2.96 என்று அறிவித்துக்கொண்டது. அப்படியொரு வெளியீட்டை ஜிசிசி திட்டம் செய்திருக்கவே இல்லை. வளர்ச்சிக் கிளையின் ஒரு நாளைய நிலையை எடுத்து, திருத்தி, அந்த நிறுவனம் வெளியிட்டிருந்தது. பழைய 2.95 சி++ மொழியைப் போதிய அளவு கையாளவில்லை, பிற செயலி வகைகளுக்கு அது ஒத்துவரவில்லை என்பன அதன் காரணங்கள், அவை பொய்யல்ல. ஆனால் 2.96-இல் கட்டப்பட்ட சி++ நிரல்களும் நிரலகங்களும் 2.95-உடனும் ஒட்டாது, வரவிருந்த 3.0-உடனும் ஒட்டாது. கர்னலைக் கட்டுவதற்கென்று ரெட் ஹேட்டே வேறொரு பழைய தொகுப்பியையும் உடன் வைக்க வேண்டியிருந்தது. அக்டோபரில் ஜிசிசி வழிகாட்டுக் குழு, 2.96 தங்கள் வெளியீடன்று என்று அறிக்கை விட்டது. குழப்பத்தைத் தவிர்க்கத் தன் வளர்ச்சிக் கிளையின் எண்ணையும் 2.97 என்று மாற்றிக்கொண்டது. எம்பிளேயர் என்னும் காணொளி இயக்கி 2.96-ஐக் கண்டால் கட்டமைய மறுக்குமாறு எழுதப்பட்டதெல்லாம் அந்தக் காலத்துக் கோபத்தின் பதிவு.

இதில் ரெட் ஹேட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஜிசிசியைச் செய்தவர்களில் பலர் அந்நிறுவனத்தின் ஊழியர்கள். வளர்ச்சிக் கிளையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் சிலரே. தரம் குறித்த அவர்கள் கணிப்பு தவறாமல்கூட இருந்திருக்கலாம். தவறு வேறிடத்தில் நேர்ந்தது. பொதுப் பெயர் ஒன்றின்மீது தனியொருவர் எண் எழுதினார். வாக்குறுதி கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதே அங்கே எழுந்த வழக்கு.

ஏறத்தாழ இதே வேளையில், பெயர் குறித்து மிகத் தெளிவான சிந்தனை ஜிடிகே வட்டாரத்திலிருந்து வந்தது. 2002 மார்ச்சில் வெளியான ஜிடிகே 2, ஜிடிகே 1.2-உடன் இணக்கமற்றது. இரண்டும் ஒரே கணினியில் நிறுவப்படவும் நிரல் கட்டப் பயன்படவும் ஏற்றவாறு, தலைப்புக் கோப்புகளின் அடைவு முதல் நிரலகத்தின் பெயர் வரை எல்லாவற்றிலும் பதிப்பெண் நுழைக்கப்பட்டது. இணக்கத்தை முறிப்பதாக இருந்தால் அதைப் புதிய நிரலகமாகவே கருதி எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட வேண்டும் என்று ஹேவாக் பென்னிங்டன் இதை ஒரு கட்டுரையில் விளக்கி எழுதினார். பழைய நிரலை எழுதியவர் தன் வசதிப்படி மாறலாம். எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. காலத்தின் சுமை அங்கே பகிர்ந்தளிக்கப்படுகிறது.

டெபியனில் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் 'சோதனை' என்னும் மூன்றாம் தளம் திறக்கப்பட்டது. உருவாக்குநர் தரும் பொதி முதலில் 'நிலையற்ற' தளத்தில் இறங்கும்; அவசரத்தைப் பொறுத்து இரண்டு, ஐந்து அல்லது பத்து நாள்கள் அங்கே கிடக்கும்; புதிய கடும் வழு எதுவும் வராமல், அது நம்பியிருக்கும் பொதிகளும் உடன் செல்லத் தகுதி பெற்றிருந்தால் சோதனைத் தளத்துக்கு நகரும். முடிவெடுப்பது மனிதரன்று, விதி. சோதனைத் தளம் உறைந்து முதிர்ந்து அடுத்த நிலைப்பதிப்பாகும். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் போன்று டெபியனை அடியாகக் கொண்டவை அனைத்தும் இந்தப் படிக்கட்டின் பயனை அனுபவிப்பவை. படிக்கட்டின் அடியில், முறியக்கூடியது என்று தெரிந்தே நிலையற்ற தளத்தைத் தம் அன்றாடக் கணினியில் வைத்திருப்போர் இருக்கிறார்கள். அவர்கள் மீண்டும் வருவார்கள்.

பெயரை மாற்றாமலே பொருளை இரண்டாக வைத்துக்கொள்ளும் நுட்பமும் இதற்குள் முதிர்ந்திருந்தது. ஜிலிப்சியில் நிரலகத்துக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு செயற்கூற்றின் பெயருக்கும் தனித்தனியே பதிப்பு முத்திரை உண்டு. 1999-இல் வந்த 2.1 பதிப்பில் கோப்பைத் திறக்கும் செயற்கூறு மாறியபோது, பழைய நிரல்கள் 2.0 முத்திரையிட்ட பழைய வடிவத்தையும், புதியவை 2.1 முத்திரையிட்ட புதிய வடிவத்தையும் ஒரே கோப்பிலிருந்து பெற்றன. லினக்ஸில் சி நிரலகத்தின் எண் 1997-இல் இட்ட 6-லேயே இன்றுவரை நிற்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தரவைப் படியெடுக்கும் 'மெம்காப்பி' என்னும் செயற்கூறு சி மொழியில் மிகப் பழையது. மூல இடமும் சேரிடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது தரநூலின் நிபந்தனை. படிந்தால் என்ன நேரும் என்பதற்கு உறுதி கிடையாது. நடைமுறையில் முன்னிருந்து பின்னாகவே படியெடுக்கப்பட்டு வந்ததால், நிபந்தனையை மீறிய நிரல்களும் பிழைத்து வந்தன. 2010-இல் சில செயலிகளில் வேகம் கருதிப் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கும் வடிவம் ஜிலிப்சியில் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான ஃபெடோரா 14-இல், அடோபி ஃபிளாஷின் 64 பிட் வடிவம் ஒலியைச் சிதைத்து வெளியிட்டது.

குற்றம் யாருடையது? நிரலக உருவாக்குநர்கள் தரநூலைக் காட்டினார்கள். நிபந்தனையை மீறியது ஃபிளாஷ். வழு அறிக்கையின் விவாதத்தில் லினஸ் டோர்வால்ட்ஸே நுழைந்து எதிர்த்தரப்பில் நின்றார். பயனருக்குத் தரநூல் தெரியாது. நேற்று பாடியது இன்று கரகரக்கிறது என்பது மட்டுமே தெரியும். மூலநிரல் கிடைக்காத மென்பொருளைப் பயனரால் திருத்தவும் முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இருவர் சொன்னதும் உண்மையே. எழுத்தில் உள்ள ஒப்பந்தமும் வழக்கத்தில் உள்ள ஒப்பந்தமும் பிரிந்துபோன இடம் அது. நில உரிமை வழக்குகளைப் படித்தோருக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. 2011-இல் வந்த ஜிலிப்சி 2.14 வழக்கத்துக்கே மதிப்பளித்தது. பழைய முத்திரையோடு வரும் நிரல்களுக்கு இடங்கள் படிந்தாலும் பிழையாத வடிவம் கொடுக்கப்பட்டது. புதிதாகக் கட்டப்படுபவற்றுக்கு 2.14 முத்திரையிட்ட வேகமான வடிவம்.

அந்தச் சமரசத்துக்கும் ஒரு விலை இருந்தது. புதிய கணினியில் கட்டிய நிரல், தன் பட்டியலில் 2.14 முத்திரையைச் சுமந்துகொண்டு பழைய கணினிக்குப் போனால் அங்கே ஓடாது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் 6-உம் அதையொட்டிய சென்ட்ஓஎஸ் 6-உம் ஜிலிப்சி 2.12-இல் நின்றவை, ஆய்வு நிறுவனங்களின் பெருங்கணினிகளில் அவை ஆண்டுக்கணக்கில் நிலைத்திருந்தன. ஆய்வு மென்பொருளை இறக்கி ஓட்ட முயன்று, 'ஜிலிப்சி 2.14 காணப்படவில்லை' என்ற ஒற்றை வரியோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் பலர். அந்த வரிக்குப் பின்னே ஃபிளாஷின் கரகரப்பு ஒலித்தது என்பதை அறிந்தவர் சிலரே இருப்பர்.

2015-இல் 'ஜி'யின் கதை மீண்டும் நிகழ்ந்தது. ஜிசிசி 5-இல் சி++ நிரலகத்தின் எழுத்துச்சரம் முதலியவற்றின் உள்ளமைப்பு, 2011-ஆம் ஆண்டுத் தரத்துக்கு ஏற்ப மாறியது. நிரலகம் தன் எண்ணை உயர்த்தாமல் பழையது, புதியது என இரண்டு வடிவங்களையும் ஒன்றாகவே சுமந்தது. ஆனால் அதன்மீது கட்டப்பட்ட பிற நிரலகங்களுக்கு அதே பழைய இக்கட்டு: தம் எண் மாறக் காரணமில்லை, பொருளோ மாறிவிட்டது. டெபியன் அவற்றின் பெயரில் 'வி5' என்று ஒட்டியது.

மூன்றாவது பின்னொட்டு 'டி64'. யூனிக்ஸ் மரபில் நேரம் 1970-இன் தொடக்கத்திலிருந்து நொடிகளாக எண்ணப்படுகிறது. 32 பிட் அளவில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பிவிடும். அடுத்த நொடியில் 1901-க்குத் தாவும். ஆகவே 32 பிட் கணினிகளிலும் நேரத்தை 64 பிட்டாக விரிக்க வேண்டும். விரித்தால் நேரத்தைத் தன் இடைமுகத்தில் கையாளும் நிரலகம் ஒவ்வொன்றின் பொருளும் மாறும், பெயர் மாறாது. 2024-இன் தொடக்க மாதங்களில் டெபியன் நூற்றுக்கணக்கான நிரலகப் பொதிகளின் பெயரில் 'டி64' ஒட்டி, அவற்றை நம்பியவற்றையெல்லாம் மறுபடி கட்டத் தொடங்கியது. இப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் லாங்கசெக் 2025 ஜனவரியில் மறைந்தார். அவர் உழைப்பைத் தாங்கிய டெபியன் 13 அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியானது. பழைய இன்டெல் 32 பிட் வகைக்கு மட்டும் இந்த மாற்றம் செய்யப்படவில்லை. அந்த வகையின் எஞ்சிய பயன் பழைய நிரல்களை ஓட்டுவதே. அவற்றை இன்று முறிப்பதைவிட 2038-இல் முறிய விடுவது மேல் என்று கணக்கிட்டார்கள்.

இந்தப் பெயர்மாற்றத்தால் நிலையற்ற தளம் முழுவதும் அலங்கோலமாகக் கிடந்த நாள்களில்தான், 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் ஒரு மடலை வெளியிட்டார். எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைநுழைவுச் சேவையைக் கைப்பற்றுவதற்கான கள்ளக் கதவு புதைக்கப்பட்டிருந்தது. அவர் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர், தரவுத்தள உருவாக்குநர். தம் நிலையற்ற டெபியன் கணினியில் தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கண்டு காரணம் தேடியவர்.

நெடுங்காலம் ஒருவரே பராமரித்து வந்த அந்த நிரலகத்தில், ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய யாரோ ஈராண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று வெளியிடும் உரிமையை அடைந்திருந்தார். உபுண்டு 24.04, ஃபெடோரா 40 ஆகியவற்றின் வெளியீட்டுக்கு முன்பே புதிய பதிப்பு உள்ளே சென்றுவிட வேண்டும் என்ற அவசரம் காட்டப்பட்டது. வளர்ச்சிப்பதிப்பிலிருந்து நிலைப்பதிப்புக்குச் செல்லும் படிக்கட்டை அந்த ஆள் நன்கு படித்திருந்தார் என்பது தெளிவு. டெபியனின் அப்போதைய நிலைப்பதிப்பில் இருந்தது 5.4.1; அது தீண்டப்படவில்லை. நிலைப்பதிப்பு தப்பியதைப் பலர் அந்த ஏற்பாட்டின் வெற்றியாகக் கொண்டாடினார்கள். நிலையற்ற தளத்தில் ஒருவர் அரை நொடியைப் பொருட்படுத்தியிராவிட்டால், அடுத்த நிலைப்பதிப்பே அந்தக் கதவோடு வந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னவர்கள் குறைவு. நிலைப்பதிப்பில் வாழ்வோரின் நிம்மதியை வளர்ச்சிப்பதிப்பில் வாழ்வோர் தம் கணினியைப் பணயம் வைத்து வாங்கித் தருகிறார்கள். அவர்களுக்கு யாரும் கூலி நிர்ணயித்ததில்லை.

நஞ்சு கலந்த பதிப்பைத் திரும்பப் பெற வேண்டியபோது இன்னொரு இடர் எழுந்தது. பொதிகளின் பதிப்பெண் முன்னோக்கி மட்டுமே நகரும், 5.6.1 நிறுவப்பட்ட கணினிக்கு 5.4.5-ஐ அனுப்பினால் அது பழையதென்று புறக்கணிக்கப்படும். ஆகவே டெபியன் உள்ளே 5.4.5-ஐ வைத்து, வெளியே '5.6.1+ரியலி5.4.5' என்று எண் எழுதியது. ரியலி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'உண்மையில்' என்று பொருள். உபுண்டு தன் 24.04-இன் முன்னோட்ட வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்து, ஐயத்துக்குரிய காலத்தில் கட்டப்பட்ட பொதிகளையெல்லாம் மறுபடி கட்டியது. ஏப்ரல் இறுதியில் அது வெளியானபோது அந்த விசித்திர எண்ணும் உள்ளே இருந்தது. ஐந்தாண்டு ஆதரவுக்கு உரிய பதிப்பு அது. ஆகவே 2029 வரை அந்தக் கணினிகளில் பதிப்பெண்ணைக் கேட்பவருக்கு, ஸீலிப்பின் 'ஜி'க்கும் நிரலகங்களின் 'டி64'க்கும் பக்கத்தில், 'ரியலி' என்ற சொல்லும் விடையாக வந்துகொண்டிருக்கும்.